துரையின் பின்பாதி

என் மனைவிக்கு உயராய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது நான்தான். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் பெரிய வேலை என்றேன். நியமன ஆணையில் 'கைவழி வெளியேற்ற அலுவலர், நிலை இரண்டு' என்று போட்டிருந்தது. எதை வெளியேற்றுவது என்று போடவில்லை. குப்பையாக இருக்கும், அல்லது வேண்டாத ஆட்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். ஒரு பூனை. வண்டியில் அடிபட்டு முதுகு போன பூனை. அதற்குத் தானாக ஒன்றுக்குப் போக வராது. வேளாவேளைக்கு அடிவயிற்றில் கை வைத்துப் பதமாக அமுக்கி மூத்திரத்தை எடுத்துவிட வேண்டும். அதுதான் நிலை இரண்டு. நிலை ஒன்றில் இருப்பவர் அவள் அமுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

நான் தையல்காரன். கால்சட்டை தைப்பதில் இந்தப் பக்கம் எனக்கு நல்ல பெயர். கல்யாணமான புதிதில் என் மனைவி கடையில் வந்து உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். எடுத்துக்கொண்டே நடுநடுவே என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு ஒரு கால்நடை மருத்துவமனையில் நாய்களுக்குக் கட்டுப் போடும் வேலைக்குப் போனாள். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாய்கள் நிறைய, வரும், போகும். அத்தனை நாய்களையும் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்க முடியாது. நிறுவனத்தில் இருந்ததோ ஒரே ஒரு பூனை.

நிறுவனத்துக்கு அது 'பிராணி பதினேழு'. என் மனைவிக்குத் துரை.

"இன்னிக்கு துரைக்கு முகமே சரியில்லங்க," என்பாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும்.

"என் முகம் எப்படி இருக்கு?"

"உங்களுக்கென்ன, எப்பவும் போலதான் இருக்கு."

ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, அந்தப் பூனைக்கு அப்படி என்னதான் கேடு என்று கேட்டேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். என்னைப் பற்றிப் பேச அவள் ஒருநாளும் சாப்பாட்டை நிறுத்தியதில்லை.

"மூளை சொல்லும்ல, இப்போ போகலாம், இப்போ வேணாம்னு. அந்தச் சேதி முதுகுத்தண்டு வழியா கீழ வரணும். கீழ இடுப்புப் பக்கத்துல இருக்கற நியூரானுங்கதான் அதை வாங்கி மூத்திரப்பைய சுருங்கச் சொல்லும். துரைக்கு நடுவுல அடிபட்டு வழி அறுந்துபோச்சு. கீழ இருக்கறதுங்களுக்கு ஒண்ணும் ஆகல. மேலேர்ந்து சேதி வராததால திகைச்சுப்போய் உக்காந்திருக்குதுங்க."

"நானும் அப்படித்தான் உக்காந்திருக்கேன்."

"கொஞ்ச நாள் போனா அதுங்களே புதுசா கிளை விட்டு, அக்கம்பக்கத்து நரம்போட சேந்துக்கிட்டு, மூளைய கேக்காமயே வேலைய ஆரம்பிக்குமாம். அது எப்படி நடக்குதுன்னுதான் பாக்கறாங்க."

"நான் சொன்னது காதுல விழுந்துதா?"

"எது?"

பொறாமை என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நடக்க முடியாத, ஒன்றுக்குப் போகத் தெரியாத ஒரு பூனையைப் பார்த்துத் திடகாத்திரமான ஒரு தையல்காரன் பொறாமைப்பட்டான். எனக்கும் முதுகில் எங்காவது அடிபட்டால் தேவலை என்று யோசித்துக்கொண்டே ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டையில் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

நிறுவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசல் வளைவில் 'தடையின்றி வெளியேறுக' என்று பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவது உண்டு. அது எங்கள் குறிக்கோள் வாசகம் என்று காவலாளி பின்னாலேயே ஓடிக் கூட்டிவருவார். உள்ளே இரண்டு கட்டடங்கள். இடப்பக்கம் இருப்பது மூத்திரப்பையை ஆராயும் பைப் பிரிவு. வலப்பக்கம் முதுகுத்தண்டை ஆராயும் தண்டுப் பிரிவு. இரண்டையும் ஒரு நீண்ட நடைவழி இணைக்கிறது. இணைக்கிறது என்று கட்டட வரைபடத்தில்தான் இருக்கிறது. பைப் பிரிவுத் தலைவரும் தண்டுப் பிரிவுத் தலைவியும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களாம். ஆசிரியர் ஒருமுறை அந்த அம்மாளின் கட்டுரையைப் படித்துவிட்டு 'பரவாயில்லை' என்றாராம். அந்த ஒரு சொல்லைத் தனக்குச் சொல்லவில்லை என்று பைப் பிரிவுத் தலைவர் இன்றுவரை தூங்குவதில்லை. தனக்குச் சொன்னது 'பரவாயில்லை'தானே, 'நன்று' இல்லையே என்று அந்த அம்மாளும் தூங்குவதில்லை.

துரை வந்து சேர்ந்தபோது அவன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்தது. அடிபட்டது முதுகு, அது தண்டுப் பிரிவு. நின்றுபோனது மூத்திரம், அது பைப் பிரிவு. நடுவில் இருக்கும் நியூரானோ உடம்பைத் தண்டிலும் வாலைப் பையிலும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் உறவு கொண்டாடுகிறது. கடைசியில் நடைவழியின் சரிபாதியில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, கூண்டை அதன் மேல் வைத்தார்கள். முன்பாதி தண்டுப் பிரிவுக்கு, பின்பாதி பைப் பிரிவுக்கு. சோறு வைப்பது அந்தப் பக்கம், துடைப்பது இந்தப் பக்கம். பூனை என்றால் திரும்பிப் படுக்கத்தானே செய்யும். துரை முன்னங்கால்களால் உடம்பை இழுத்து ஒருநாள் திரும்பிப் படுத்துவிட்டான். அன்று முழுவதும் இரண்டு பிரிவுகளும் வேலையை நிறுத்திவிட்டன. பிராணி பதினேழு எப்போதும் வலப்பக்கம் பார்த்தே படுக்க வேண்டும் என்று மறுநாள் சுற்றறிக்கை வந்தது. அதைக் கூண்டில் துரையின் கண்ணுக்கு நேராக ஒட்டினார்கள்.

கூண்டுக்கு மேலே இரண்டு மணிகள் தொங்கின, பிரிவுக்கு ஒன்று. துரை தானாகப் போகும் அந்தப் பொன்னான கணத்தில் எந்த மணி முதலில் அடிக்கிறதோ அந்தப் பிரிவுக்குத்தான் கண்டுபிடிப்பு. அதனால் இரண்டு பிரிவும் மணிக்கு ஆள் போட்டார்கள். பிறகு மற்ற பிரிவின் ஆள் திருட்டுத்தனமாக அடித்துவிடுவான் என்று சந்தேகப்பட்டு, இரண்டு பிரிவும் இரண்டு ஆட்களையும் எடுத்துவிட்டார்கள். மணிகள் மட்டும் தொங்கின.

தினமும் காலையில் இயக்குநர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாரும் நடைவழியில் கூட வேண்டும். என் மனைவி துரைக்கு அமுக்கி முடிக்கும்வரை நிறுவனத்தில் ஒருவரும் ஒன்றுக்குப் போகக்கூடாது. பிராணியின் வேதனையை உணர்ந்தால்தான் ஆய்வு செழிக்கும் என்பது இயக்குநரின் கருத்து. இந்தச் சடங்கின் பெயர் உடனுணர்தல். முடிந்ததும் எல்லாரும் கைதட்டிவிட்டுக் கலைந்து ஓடுவார்கள். எங்கே ஓடுவார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நடைவழியில் இருந்த ஒரே கழிப்பறை பூட்டிக் கிடந்தது. கதவு பைப் பிரிவின் பக்கமும் பீங்கான் தண்டுப் பிரிவின் பக்கமும் அமைந்துவிட்டதால் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது ஆய்வில் இருந்தது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக்குப் போய்வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அங்கே போக வேண்டி வந்தது.

ஒருநாள் மாலை வந்த மனைவி, "இன்னிக்கும் தானா போகலங்க," என்றாள். தினமும் இதைத்தான் சொல்வாள். சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். பூனைக்குக் குணமாகவில்லை என்று இவள் ஏன் சந்தோஷப்படுகிறாள் என்று எனக்குப் புரிந்ததில்லை. குணமானால் அமுக்கும் வாய்ப்புப் போய்விடுமே என்றுதான் இருக்கும் என்று நினைத்து இன்னும் எரிச்சல்பட்டேன்.

அன்று கூடவே ஒன்று சொன்னாள். "அடுத்த வாரத்துலேர்ந்து என்னை அங்கேயே தங்கச் சொல்றாங்க. ராத்திரியும் யாராவது பக்கத்துல இருக்கணுமாம்."

"எதுவரைக்கும்?"

"துரை தானா போற வரைக்கும்."

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் நான் கடையை அடைத்துவிட்டு இயக்குநரைப் பார்க்கப் போனேன்.

இயக்குநர் மென்மையான மனிதர். உட்காரச் சொன்னார். எனக்கு அவசரமாக இருந்ததால் முதலில் கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.

"அந்தக் கேள்விக்குத்தான் இந்த நிறுவனத்தையே தொடங்கினோம்," என்றார். "உக்காருங்க."

பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க சம்சாரம் செய்யறது சாதாரண வேலை இல்ல. இத நீங்க புரிஞ்சுக்கணும். மேலிடத்தோட தொடர்பு அறுந்துபோன ஒரு கீழ்மட்டம் என்ன செய்யுது? முதல்ல அப்படியே உறைஞ்சுபோய் நிக்குது. எல்லாத்தையும் தேக்கி வச்சுக்குது. அப்புறம் மெல்ல பழகிடுது. யாரையும் கேக்காம, நேரம் காலம் பாக்காம, சொட்டு சொட்டா வெளிய விட ஆரம்பிக்குது. பாதிதான் வெளிய வரும், மீதி உள்ளயே தங்கிடும். திறக்கவேண்டியது திறக்கும்போதே மூடவேண்டியதும் மூடிக்கும். பூனைகிட்ட இத நாங்க இப்பத்தான் பாக்கப்போறோம். நிர்வாகத்துல ரொம்ப காலமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அது தானா போயிடுச்சுன்னா என் சம்சாரம் வீட்டுக்கு வந்துடுவாங்களா?"

"அன்னிக்கே. போன உடனே பிராணிய நிறைவு செஞ்சிடுவோம்."

"நிறைவுன்னா?"

"முதுகுத்தண்ட எடுத்து மெல்லிசா சீவி கண்ணாடில வச்சுப் பாப்போம். எந்த நியூரான் பெருத்திருக்கு, எது புதுசா கிளை விட்டிருக்குன்னு தெரியணும்ல."

"போகலைன்னா?"

"அப்பவும் சீவித்தான் பாப்போம். ஏன் கிளை விடலைன்னு தெரியணும்ல."

"பூனை?"

"நல்லா ஒத்துழைக்குது," என்றார் இயக்குநர்.

அப்போதுதான் என் மனைவியின் நிம்மதி எனக்குப் புரிந்தது. துரை தானாகப் போகாத ஒவ்வொரு நாளும் துரைக்கு இன்னொரு நாள். அவளுக்கு இது முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சந்தோஷப்படுவேன் என்று பயந்திருக்கிறாள். அவள் பயந்ததில் தப்பில்லை. நான் சந்தோஷப்பட்டேன். பூனை போய்ச் சேர்ந்தால் மனைவி வீட்டுக்கு வருவாள் என்று கேட்டதும் எனக்கு இருந்த அவசரம்கூட மறந்துபோனது.

வெளியே வரும்போது தண்டுப் பிரிவுத் தலைவி வழிமறித்தார். இயக்குநரிடம் பைப் பிரிவைப் பற்றி ஏதாவது சொன்னேனா என்று விசாரித்தார். இல்லை என்றதும் மனமிரங்கி எனக்குப் பாடம் எடுத்தார். பேசும்போது கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பூனையைப் பார்த்தால் முடிவுகள் பாதிக்கப்படுமாம்.

"குட்டியா இருக்கும்போது பூனைக்குத் தானா ஒண்ணுக்குப் போக வராது, தெரியுமா? தாய்ப்பூனை பின்பக்கத்த நக்கி விடணும். அப்பத்தான் வரும். வளந்ததும் மூளை பொறுப்ப எடுத்துக்கும், அந்தப் பழைய வழி தூங்கிப்போயிடும். தண்டுல அடிபட்டா தூங்கின வழி திரும்ப முழிச்சுக்கும்ங்கறது என்னோட கணிப்பு."

"செஞ்சு பாத்துட்டீங்களா?"

"எப்படிங்க பாக்கறது? தொடறது பின்பாதி. அது அவங்க எல்லை. பதில் சொல்றது தண்டு. அது எங்க எல்லை. அவர் தொட்டு எனக்குப் பேர் வர விடுவாரா? அவர் செத்தாலும் தொடமாட்டார்."

நாலடி தள்ளி பைப் பிரிவுத் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மா தாய்ப்பூனை கதை சொன்னாங்களா? நான் தொட்டேன்னு வச்சுக்கங்க, பூனை போயிடும். போனா அந்தம்மா கணிப்பு சரின்னு ஆயிடும். அதான் பின்பாதில ஈரம் படவே கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கேன். காஞ்ச பஞ்சுதான். கேட்டா, தண்ணி கலந்தா அளவு தப்பிடும்னு சொல்லியிருக்கேன்." அவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எனக்கு அவர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. பொறாமையில் என்னைவிடப் பெரிய ஆள் ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில், அவள் அங்கே தங்கப் போவதற்கு முந்தைய மதியம், சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு போனேன். மறந்தது துரையின் டப்பாவாக இருந்திருந்தால் பாதி வழியில் நினைவு வந்திருக்கும் என்று போகும் வழியெல்லாம் மனசுக்குள் பொருமினேன்.

நடைவழியில் அவளும் துரையும் மட்டும் இருந்தார்கள். அவள் கூண்டைத் திறந்து அவன் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நல்லவேளை வந்தீங்க. என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, எல்லாரும் அங்கதான் இருக்காங்க. இவனைக் கொஞ்சம் பாத்துக்கங்க. பின்னால அழுக்காயிருக்கு, பஞ்சு எடுத்துத் துடைச்சு விடுங்க. கடிக்க மாட்டான்."

அவள் போய்விட்டாள். நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மெலிந்த, காது கிழிந்த, சாம்பல் நிறப் பூனை. இதற்காகவா என்று இருந்தது.

"நீ என்னடா பெரிய இவன்," என்றேன். "உனக்கு மட்டும் தாடைய சொறியணுமோ. நாலு கால்ல ரெண்டு வேலை செய்யல, அதுக்கே இந்தப் பவிசு."

துரை சுற்றறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஞ்சுப் பெட்டி காலியாக இருந்தது. சொன்ன வேலையைச் செய்யாவிட்டால் அதற்கும் பேச்சு வாங்க வேண்டும். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கைக்குட்டையில் நனைத்துக்கொண்டு அவனைத் திட்டியபடியே பின்புறத்தைத் துடைத்தேன். இரண்டு தடவை துடைத்திருப்பேன். அவன் உடம்பு ஒருதரம் நடுங்கியது. வால் லேசாக விலகியது. பிறகு, யாரும் அமுக்காமல், யாரையும் கேட்காமல், துரை போனான். சொட்டுச் சொட்டாக இல்லை, நன்றாகவே போனான். கூண்டின் கம்பிகளுக்கு அடியில் ஓடி, சிவப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் சமமாகப் பரவி நின்றது.

அந்த அம்மாளின் கணிப்பு சரி என்று எனக்கு அப்போதே தெரிந்தது. உலகத்தில் அது தெரிந்தவர்கள் நானும் துரையும்தான். தலைக்கு மேலே மணிகள் தொங்கின. எந்த மணியை அடித்தாலும் சரி, அன்று மாலையே என் மனைவி வீட்டில் இருப்பாள். கையை உயர்த்திவிட்டேன்.

உயர்த்திய கை அப்படியே நின்றது. அந்தக் கணத்தில் எனக்குப் பூனை மேல் இரக்கம் சுரந்தது என்று சொன்னால் அது பொய். எனக்கு வந்தது பயம். உயிரோடு இருக்கும் துரை ஒரு சாதாரணப் பூனை. நாறுவான், கத்துவான், என்றாவது ஒருநாள் அவளைக் கடிப்பான், அவளுக்கும் அலுக்கும். செத்துப்போன துரையை நான் என்ன செய்ய முடியும்? காலத்துக்கும் குறையே இல்லாத துரையாக அவள் மனசில் உட்கார்ந்துகொள்வான். சாப்பிடும்போது நடுவில் நிறுத்தி அவனை நினைத்துக்கொள்வாள். அவனோடு என்னால் போட்டி போடவே முடியாது. அதோடு, அவனைக் கொன்றது யார் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வை எனக்கு அப்போதே தெரிந்தது. கையை இறக்கிவிட்டேன்.

துடைத்து எடுத்துவிடலாம் என்று குனிவதற்குள் கூட்டம் முடிந்து அத்தனை பேரும் நடைவழிக்குள் வந்துவிட்டார்கள். முன்னால் இயக்குநர், இரண்டு பக்கமும் இரண்டு தலைமைகள், கடைசியில் என் மனைவி.

"ஈரம்," என்றார் பைப் பிரிவுத் தலைவர்.

"எங்க பக்கம்தான் முதல்ல வந்திருக்கு," என்று தண்டுப் பிரிவுத் தலைவி கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். இருவரும் அவரவர் மணியின் கயிற்றைப் பிடித்தார்கள். என் மனைவி தரையைப் பார்த்தாள், பிறகு துரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது நான்தாங்க," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "எது?" என்றார் இயக்குநர்.

"இது. நான்தான் போனேன். அவசரம் தாங்கல. கழிப்பறை பூட்டியிருந்தது."

இரண்டு பேரும் கயிற்றை விட்டார்கள். அதுவரை அந்த ஈரத்துக்குச் சண்டை போட்டவர்கள் அதிலிருந்து ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். தண்டுப் பிரிவுத் தலைவி என் கால்சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"காஞ்சிருக்கே."

"நானே தைச்சதுங்க," என்றேன். "அவசரத்துக்குச் சட்டுனு திறக்கும்."

விசாரணை அங்கேயே தொடங்கியது. மனிதனுக்கு இந்த வயதில் இப்படி ஆவதற்கு மூத்திரப்பை காரணமில்லை, கட்டுப்படுத்தும் நரம்புதான் காரணம், எனவே இது தண்டுப் பிரிவின் பொறுப்பு என்றார் பைப் பிரிவுத் தலைவர். ஆள் நேராக நிற்கிறார், நடக்கிறார், நரம்பில் ஒரு குறையும் இல்லை, பை சிறுத்துவிட்டது, எனவே பைப் பிரிவின் பொறுப்பு என்றார் தண்டுப் பிரிவுத் தலைவி. என்னை வைத்துக்கொண்டே என் உடம்பைப் பங்கு பிரித்து ஆளுக்கொரு பாதியாகத் தள்ளிவிட்டார்கள். துரையை வேண்டும் என்று பிரித்தவர்கள் என்னை வேண்டாம் என்று பிரித்ததில் எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

சோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம் என்று நிலை ஒன்று அலுவலர் சொன்னார். நல்ல யோசனை என்றார் இயக்குநர். எந்தப் பிரிவு பஞ்சில் ஒற்றி எடுப்பது என்பது பேசி முடிவதற்குள் தரை காய்ந்துவிட்டது.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கு இங்க நடந்தது நமக்கெல்லாம் ஒரு பாடம். வெளியாள் ஒருத்தர், எந்த அனுமதியும் வாங்காம, எந்தப் பிரிவையும் கலந்துக்காம, தன்னிச்சையா ஒரு காரியத்த செஞ்சு முடிச்சிருக்கார். இந்த நிறுவனம் தொடங்கின நாள்லேர்ந்து இப்படி ஒண்ணு நடந்ததில்ல. ஒரு காரியம் முடிஞ்சதா என்னால நினைவுகூர முடியல. இது பரவக்கூடாது." பிறகு தீர்ப்பைச் சொன்னார். மனிதக் கழிவு பட்டதால் கூண்டு கெட்டது. கூண்டு கெட்டதால் பிராணி பதினேழு ஆய்வுத் தகுதியை இழக்கிறது. இரண்டு பாதிகளையும் உடனே அப்புறப்படுத்த வேண்டும். வேறு பிராணி வரும்வரை நிலை இரண்டு அலுவலர் வீட்டில் இருக்கலாம். நிலை ஒன்று அலுவலர் காலிக் கூண்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அப்புறப்படுத்தும் வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். துண்டில் துரையைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். நான் சாப்பாட்டு டப்பாவோடு பின்னால் நடந்தேன். காவலாளி என்னைக் கண்டதும் நாலடி விலகி நின்றார்.

தெரு திரும்பியதும் அவள் நடையைத் தளர்த்தினாள்.

"காலைல கடையில உக்காந்தா ராத்திரி வரைக்கும் எழுந்திருக்காத ஆளு நீங்க," என்றாள். "உங்களுக்கா அடக்க முடியல?"

"வயசாகுதுல்ல."

"அத்தனை பேர் முன்னாடி."

"ஆமா."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. காஜா எடுத்த நாட்களுக்குப் பிறகு அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. "துரைக்காகத்தான செஞ்சீங்க?" என்றாள்.

அந்த நேரத்திலும் அவன் பெயர். எனக்குச் சுருக்கென்றது. "ஆமா," என்றேன்.

இப்போது துரை என் கடையில் இருக்கிறான். வெட்டுத்துணிக் குவியலின் மேல், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். நியூரான்கள் கிளை விட்டனவா, பெருத்தனவா என்று யாரும் சீவிப் பார்க்கவில்லை. நிறுவனத்தில் காலிக் கூண்டு யாருக்குச் சொந்தம் என்று பேச்சு நடப்பதாகக் கேள்வி. தெருவில் எனக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அதை இங்கே எழுத முடியாது. கால்சட்டை தைக்க வருகிறவர்கள் கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள்.

எங்களிடம் வந்த முதல் சில நாள் என் மனைவிதான் கடைக்கு வந்து துரையை அமுக்கினாள். அவன் சுகவாசியாகிவிட்டான். அவள் கை பட்டதும் வயிற்றை இறுக்கிக்கொண்டு முரண்டு பிடித்தான், கொஞ்சம்தான் வந்தது. ஒருநாள் அவள் களைத்துப் போய் அந்தப் பக்கம் போனதும், நான் அவனை அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஒரே நிமிஷம். வெளியே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"காலியா இருக்கு," என்றாள். "அமுக்கினீங்களா?"

"இல்லையே."

"தானாவா போனான்?"

"நான் கூட இருந்தா போறான்."

அவள் நம்பவில்லை. மறுவேளை அவளே முயன்று தோற்று, அவனை என்னிடம் தந்தாள். நான் திரையை இழுத்து மூடிக்கொண்டேன். உள்ளே வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று அவனிடம் அதுவும் இதுவும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பது தெரிந்தது.

"உள்ள என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்ல."

"அத்தனை நாள் வேளாவேளைக்கு பாத்தவ நான். எனக்கு மட்டும் ஏன் மாட்டேங்கறான்?" பிறகு கொஞ்சம் தயங்கி, "அவன்கிட்ட என்னதான் பேசறீங்க? எனக்கும் சொல்லக்கூடாதா?" என்றாள்.

தாய்ப்பூனை விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. திரையின் ஓரத்தை விலக்கி அவளைப் பார்த்தேன். அவள் துரையைப் பார்க்கவில்லை. கோபமும் ஏக்கமுமாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது.

"அது எங்களுக்குள்ள," என்று சொல்லிவிட்டுத் திரையை மூடினேன்.